குட்டி போட்ட நாயும் தொலைபேசித் தீர்ப்பும்

புதிதாக நியமனம் பெற்ற மிருக வைத்தியர்களாகிய நீங்கள் மன்னாரில் நடத்திய கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். முன்வரிசையில் கதிரை தந்தீர்கள், பூச்செண்டு தந்தீர்கள், பேசுவதற்குக் கால்மணி நேரமும் தந்தீர்கள். நன்றி. ஆனால் தேநீர் இடைவேளையில் உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு கதைக்குப் பிறகு, எழுதி வைத்திருந்த பேச்சை என்னால் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. அங்கே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னது இதுதான். கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது. குட்டி போட்ட நாய் ஒன்று நடுங்குகிறது, வாயால் நுரை வடிக்கிறது, கால்களை விறைத்துக்கொண்டு நடக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். "விசராத்தான் இருக்கும், அடிச்சுப்போடுங்கோ" என்று இவர் சொல்லியிருக்கிறார். அடித்துக் கொன்றுவிட்டார்கள். "ஒரு கோலில கேஸ் முடிஞ்சுது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குட்டிகள் என்னவாயின என்று நான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

அந்த நாய் விசர் பிடித்த வெறிநாயாகவே இருந்திருக்கலாம். இல்லை என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் நான் அதைப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. என் கோபம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறிக்கொண்டிருந்த காலத்தில் நான் முசலிப் பக்கத்தில் மிருக வைத்தியராக வேலை செய்தேன். பாதி வீடுகளுக்குத் தகரக்கூரை, மீதிக்குத் தறப்பாள். ஆடுகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக ஒரு நாள் காலை அரிப்புக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். நானும் எங்கள் கந்தோரின் சாரதி அன்சாரும் மட்டுந்தான். அன்சார் சிலாவத்துறைக்காரர். வாய் ஓயாத மனிதர், ஆனால் நெருக்கடி என்று வந்துவிட்டால் சொன்னதைச் சொன்னபடி செய்வார்.

ஊசிப்பெட்டியை இறக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"மிஸ், கெதியா வாங்கோ! குயினை அடிக்கப் போகினம்!"

ஓடி வந்தவள் தெரேசா. கணவன் கடலுக்குப் போகிறவன். இவள் ஒரு சம்மாட்டியின் வாடியில் மீன் வெட்டிக் கருவாடு போடுகிறவள். அந்தக் கரையில் படகும் வலையும் யாருடையதோ அவர்தான் சம்மாட்டி. வாடியும் அவருடையதுதான், வாடிக்குப் பின்னால் தெரேசா குடியிருந்த குடிசையின் நிலமும் அவருடையதுதான். குயின் என்பது அவள் வளர்த்த நாய். காகத்திலிருந்து காட்டுப்பன்றி வரை எதுவும் கருவாட்டில் வாய் வைக்காமல் இரவு பகலாகக் காவல் இருந்தது அதுதான். அதற்காக அந்த வாடியில் யாரும் அதற்கு ஒரு நன்றி சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் போனபோது வாடி முற்றத்தில் ஒரு கூட்டம் வட்டமாக நின்றது. உப்புத் தொட்டியின் ஓரத்தில் நாய் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. நான்கு கால்களும் பலகை போல் விறைத்திருந்தன. உடம்பு முழுவதும் நடுக்கம், வாயில் நுரை. கண் திறந்து சில நாட்களே ஆன ஐந்து குட்டிகள் அதன் வயிற்றில் முட்டி முட்டிப் பால் தேடிக்கொண்டிருந்தன. சம்மாட்டி ஒரு கையில் துடுப்போடு நின்றார். மற்றக் கையின் மணிக்கட்டைச் சுற்றியிருந்த துவாயில் இரத்தம் ஊறியிருந்தது.

தெரேசா அவருக்கும் நாய்க்கும் நடுவே போய் நின்றாள்.

"விலகடி. என்னைக் கடிச்சது உன்ர கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"குட்டியளைப் பிடிச்சுக் கடகத்துக்க எறிஞ்சா, கடிக்காமல் கொஞ்சுவாளோ?"

"கருவாடு காயிற இடத்தில குட்டிக் குடித்தனம் நடத்த இதென்ன உன்ர சீதன வளவோ?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முதல் வேலையாகச் சம்மாட்டியின் துவாயை அவிழ்க்கச் சொன்னேன். சவர்க்காரமும் ஒரு வாளித் தண்ணீரும் கேட்டு வாங்கி, அவர் ஏசிக்கொண்டிருக்கும்போதே காயத்தை நானே தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நாயைப் பற்றி எந்த முடிவுக்கும் வருவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை அது. நாய் விசரோ இல்லையோ, கடிபட்டவர் காத்திருக்க முடியாது.

"நீங்கள் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். அன்சார் கொண்டுபோய் விடுவார்."

"எனக்கு ஊசி வேண்டாம். இந்த விசர்நாயை அடிச்சுக் கொன்றாச் சரி. கடிச்ச நாய் செத்தாக் கடியும் செத்துப்போம்."

"ஆர் சொன்னது?"

"இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும். படிச்ச உங்களுக்குத்தான் தெரியேல்ல."

இந்த எண்ணத்தை நீங்களும் கேள்விப்படுவீர்கள். கேட்டதும் கோபம் வரும். வரட்டும், எனக்கும் வந்தது. நாயை அடித்துக் கொன்றுவிட்டு, பாதுகாப்பு வந்துவிட்டதென்று வீட்டில் படுத்திருந்து, பிறகு தண்ணீரைக் கண்டே அலறிச் செத்த மனிதர்களை இந்த மாவட்டத்தின் வைத்தியர்களுக்குத் தெரியும். அடிக்கச் சொல்லும் ஒவ்வொருவரும் இந்த எண்ணத்துக்கும் உரம் போடுகிறார்கள். அதை ஒரு வைத்தியரே தொலைபேசியில் சொன்னால் அது உரம் மட்டுமல்ல, முத்திரையும்கூட.

நான் தெரேசாவிடம் கேள்விகள் கேட்டேன். குட்டி போட்டு எத்தனை கிழமை? இரண்டு கிழமை கழிந்துவிட்டது. எப்போதிருந்து நடுக்கம்? விடியத்தான். நேற்று மூச்சு வாங்கிக்கொண்டு அங்குமிங்கும் அலைந்தாள். வேறு நாய் ஏதும் அவளைக் கடித்ததா? "இரவில நாயள் வரும், போகும். என்னெண்டு சொல்லுறது மிஸ்?" தடுப்பூசி போட்டதா? இல்லை.

கடைசி இரண்டு பதில்களும் எனக்கு வேண்டாத பதில்கள். முதல் இரண்டும் வேறு கதை சொன்னன. நிறையக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாயின் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து வற்றிப்போனால் இதே நடுக்கம் வரும், இதே விறைப்பு வரும், இதே நுரை வரும். ஒரு குட்டி கத்தியபோது குயினின் காது அந்தப் பக்கம் திரும்பியது. தெரேசா பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது வால் நுனி மண்ணில் ஒரு தரம் அசைந்தது. அதைக்கொண்டு விசர் இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. எனக்குச் சந்தேகம் இருந்தது. இப்படியான இடத்தில் நின்ற ஒருவர் பிற்பாடு உங்களிடம் வந்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொன்னால் நம்பவேண்டாம்.

சந்தேகம் இருக்கும்போது கொல்வது எச்சரிக்கையான முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். அது எச்சரிக்கை அல்ல, சோம்பல். உயிரோடு கட்டி வைத்த நாய் தனக்கு விசரா இல்லையா என்பதைச் சில நாட்களில் தானே காட்டிவிடும். மண்டை உடைத்துப் புதைத்த நாய் யாருக்கும் எதுவும் சொல்லாது.

இதற்கிடையில் சம்மாட்டி என் மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். இருவரும் பழக்கமானவர்கள். பேசிவிட்டுத் தொலைபேசியை வெற்றிப் புன்னகையோடு என்னிடம் நீட்டினார்.

"என்ன, நாயை வைச்சுக்கொண்டு அங்க கூத்தாடுறீராம்?"

"சேர், விசர் எண்டு சொல்லேலாது. பால் குடுக்கிற நாய். கல்சியம் ஏத்திப் பாக்கப்போறன்."

"கல்சியம் மாட்டுக்கு வந்தது. நாய்க்குக் குத்தி முடிக்கிறதுக்கில்லை."

"ஒரு போத்தலில கொஞ்சந்தான் போகும், சேர்."

"சனத்தோட கொழுவாதையும். அடிக்கச் சொல்லிப்போட்டு ஆட்டுக்கு ஊசியைப் போட்டுட்டு வாரும்."

"சேர், நீங்கள் நாயைப் பாக்கேல்ல."

"பாக்கத் தேவையில்லை."

அந்தக் கடைசி வசனத்தை நான் மறக்கவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை அவரோடு நல்ல முறையிலேயே வேலை செய்தேன். பிரியாவிடையில் அவர் என்னைப் புகழ்ந்தும் பேசினார். ஆனாலும் அந்த வசனத்தை நான் மன்னிக்கவில்லை. தேநீர்க் கோப்பையோடு நின்று அன்று நீங்கள் சிரித்தபோது அதே குரலைத்தான் கேட்டேன்.

தொலைபேசியைச் சம்மாட்டியிடம் திருப்பிக் கொடுத்தேன். "நாய்க்கு நான் பொறுப்பு. மேலிடத்துக்கும் நானே மறுமொழி சொல்லுறன்" என்றேன்.

"செத்தா?"

"செத்தா அதுவாச் சாகட்டும். உங்கட துடுப்பாலை சாகவேண்டாம்."

துடுப்பை அவர் கீழே வைக்கவில்லை. மண்ணில் ஊன்றிக்கொண்டு, "எழும்புதோ பாப்பம்" என்றார். எழும்பாது என்று அந்தக் கூட்டம் முழுவதும் நம்பியது. பாதிப்பேர் அதை விரும்பவும் செய்தார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு நாயின் சாவைப் பார்க்க இத்தனை பேருக்கு வேலையை விட்டுவிட்டு வர நேரம் இருந்தது. அதற்கு ஒரு சிரட்டை தண்ணீர் வைக்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

குட்டிகளை ஒரு பனையோலைக் கடகத்தில் எடுத்து நிழலில் வைத்தோம். நாயின் வாயைச் சீலைக் கிழிசலால் கட்டினேன். தலையைப் பிடிக்க ஒருவர் தேவைப்பட்டது. அன்சாரைப் பார்த்தேன்.

"மிஸ், நாயை மட்டும் தொடச் சொல்லாதேங்கோ. வேற என்ன வேலை எண்டாலும் சொல்லுங்கோ."

அவருடைய மார்க்கம் அவருக்கு. நான் வற்புறுத்தவில்லை. ஒரு சாக்கை விரித்து நாயின் கழுத்தைச் சுற்றிப் போட்டுத் தெரேசாவே பிடித்தாள். அவள் கை நுரையில் படக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்படியும் பட்டது.

ஊசியை எப்படி ஏற்றவேண்டும், எவ்வளவு மெதுவாக, இதயத்தில் காது வைத்தபடி எங்கே நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. அவசரப்படுத்த ஒரு கூட்டம் நிற்கும்போது மெதுவாகச் செய்யவேண்டியதை மெதுவாகச் செய்வதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும். "என்ன மிஸ், மருந்து ஒளிச்சு விளையாடுதோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வேகமாக ஏற்றியிருந்தால் என் கையாலேயே அதைக் கொன்றிருப்பேன். அவர்களுக்கும் ஒரு சாட்சி கிடைத்திருக்கும்.

முதலில் நடுக்கம் தணிந்தது. பிறகு முன்கால் ஒன்று மடிந்தது. கொஞ்ச நேரத்தில் நாய் பெருமூச்சு விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஊசியை எடுத்து, வாய்க்கட்டை அவிழ்த்து, இருவரும் பின்வாங்கினோம். குயின் எழும்பினாள். தள்ளாடித் தள்ளாடி நேரே கடகத்தடிக்குப் போய் மூக்கை உள்ளே விட்டு ஒவ்வொரு குட்டியாக மோந்தாள்.

சம்மாட்டிதான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப விசர் இல்லை. நல்லதாப் போச்சு. இனி எனக்கு ஊசி எதுக்கு?"

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. சற்று முன்னர்வரை அது விசர்நாய் என்று சத்தியம் செய்தவர் அவர். மருந்துக்கு நாய் எழும்பியதால் சந்தேகம் குறைந்தது, தீரவில்லை. கட்டி வைத்துப் பார்க்கவேண்டிய நாட்கள் இன்னும் இருந்தன. அதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அப்போது அன்சார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"மிஸ், நாயைத் தொடமாட்டன் எண்டுதான் சொன்னனான். சம்மாட்டியைத் தொடமாட்டன் எண்டு சொல்லேல்ல. தூக்கி ஏத்தட்டோ?"

இந்த முறை கூட்டம் சம்மாட்டியைப் பார்த்துச் சிரித்தது. அவர் துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டு முணுமுணுத்துக்கொண்டு வாகனத்தில் ஏறினார்.

"நீங்களும் ஏறுங்கோ" என்று தெரேசாவிடம் சொன்னேன். அவள் கையிலும் நாயின் நுரை பட்டிருந்தது. மீன் வெட்டுகிற கை, கீறல் இல்லாத இடமே இல்லை.

"ஏலாது மிஸ். மகள் பிள்ளை பெத்து உள்ளுக்க படுத்திருக்கிறாள். பத்தியம் ஆக்கிக் குடுக்க ஒருத்தருமில்லை."

கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, எதற்கும் கேட்டு வைப்போம் என்று, குட்டி போட்ட பிறகு நாய்க்கு என்ன சாப்பாடு கொடுத்தாள் என்று கேட்டேன். அவள் முகத்தில் பெருமை தெரிந்தது.

"ஒரு குறையும் வைக்கேல்ல மிஸ். மகளுக்கு எப்பிடியோ அப்பிடித்தான் இவளுக்கும். மகளுக்கு அரைச்ச மிளகு சீரகச் சரக்கில சோறு பிரட்டி வைச்சனான். முள்ளு, மீன்தலை எல்லாம் நிப்பாட்டிப்போட்டன், கிரந்திச் சாப்பாடு எல்லோ, பிள்ளை பெத்த உடம்புக்கு ஆகாது. பச்சைத்தண்ணியும் வைக்கேல்ல. மல்லி அவிச்ச தண்ணி ஒரு வாய்தான். பிள்ளை பெத்த வயிறு, ஊதிப்போம்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "நாய்க்குப் பத்தியமாம்!" "நாப்பத்தொண்டாம் நாள் முழுக்கும் வாக்கிறியோ தெரேசா?" வாகனத்துக்குள்ளிருந்து சம்மாட்டியின் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டது.

அவளுடைய தவறு எனக்கு விளங்கியது. அந்த நாய் வழமையாகத் தின்ற மீன்தலையும் முள்ளும்தான் அதன் எலும்பையும் பாலையும் இத்தனை நாள் தாங்கியவை. ஐந்து குட்டிகள் உறிஞ்சும் நேரத்தில் அவற்றை நிறுத்திவிட்டாள். அந்த வெயிலில் தண்ணீரையும் மறித்துவிட்டாள். அன்பினால் செய்த தவறு. ஆனால் சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த நாய்க்கு எப்போதாவது ஒரு பிடி சோறு வைத்தார்கள்? பால் சுரக்கும் தாயிடமிருந்து பெட்டைக் குட்டிகளைப் பொறுக்கி றோட்டோரம் எறிகிற ஊரவர்களுக்கு, பிள்ளை பெற்றவளாக ஒரு நாயை மதித்தவளைப் பார்த்துச் சிரிக்க என்ன உரிமை?

"ஆரும் சிரிக்கத் தேவையில்லை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "இந்த நாய்க்குச் சாப்பாடு வைச்சது இவ ஒராள்தான்."

சிரிப்பு நின்றது. நாயைப் பற்றித் தெரேசாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நாள் முழுக்கத் தண்ணீர் இருக்கவேண்டும். நிழலில் ஒரு மூலை, யாரும் குட்டிகளைத் தூக்காத மூலை வேண்டும். முன்னைவிட இரண்டு மடங்கு சாப்பாடு, அதில் அவித்து மசித்த மீன்முள். இரண்டு நாளைக்குக் குட்டிகளுக்கு ஆட்டுப்பால். கட்டியே வைத்திருக்க வேண்டும், நான் வந்து பார்ப்பேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. யார் வீட்டிலும் முடியும்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குயினைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப தண்ணி குடுக்காமல் விட்டது பிழையோ மிஸ்?"

"நாய்க்குப் பிழைதான்."

"எனக்கும் தரேல்ல. மூத்தவளைப் பெத்து மூண்டாம் நாள், மூஞ்சை கழுவ வைச்ச தண்ணியை ஒளிச்சுக் குடிச்சனான். ஆருக்கும் சொல்லேல்ல."

பெண்கள் பக்கத்தில் ஒரு அசைவு. வயதான ஒருத்தி, "நான் சாமான் கழுவின தண்ணி" என்றாள். யாரும் அதற்குச் சிரிக்கவில்லை.

"மகளுக்கும் இப்ப அப்பிடித்தானோ?" என்று கேட்டேன்.

தெரேசா குடிசைப் பக்கம் பார்த்தாள். "பிள்ளையைப் பாக்க வாற மருத்துவமாது தண்ணி குடுக்கச் சொன்னவதான். மருமகன்ர தாய் வேண்டாமெண்டவ. நானும் வேண்டாமெண்டுதான் விட்டனான்."

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் மிருக வைத்தியர். மனிதருக்கு மருந்து சொல்வது என் வேலையல்ல, அன்றும் சொல்லவில்லை. ஆனால் எது எங்கள் வேலை இல்லை என்பதைச் சொல்வதில் நாங்கள் காட்டும் கெட்டித்தனம், எது எங்கள் வேலை என்பதைச் செய்வதில் இருப்பதில்லை. "மருத்துவமாது சொன்னதைக் கேளுங்கோ. இப்பவே கேளுங்கோ. நாங்கள் நிக்கிறம்" என்றேன்.

குயினுக்கு விசர் வரவில்லை. கட்டி வைத்த நாட்கள் கழிந்தன, ஐந்து குட்டிகளும் பிழைத்தன, சம்மாட்டியும் தெரேசாவும் எல்லா ஊசிகளையும் போட்டு முடித்தார்கள். மாட்டுக் கல்சியத்தை நாய்க்கு ஏற்றியதற்கு என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். நாய் பிழைத்ததால் மட்டும் நான் எடுத்த முடிவு சரியென்று ஆகிவிடாது. குயின் விசர் வந்து செத்திருந்தாலும் அன்று போய்ப் பார்த்ததும், காயத்தைக் கழுவியதும், துடுப்பை மறித்ததும் சரியாகவே இருந்திருக்கும். உங்களுக்கு வரப்போகும் அழைப்புகளில் எத்தனை நாய் பிழைக்கும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் போய்ப் பார்க்கவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

அன்று அன்சார் வாகனத்தைக் கிளப்பாமல் காத்திருந்தார். தெரேசா ஒரு பழைய தகரத் தட்டில் தண்ணீர் வார்த்து நாயின் முன்னால் வைத்தாள். குயின் மூச்சு விடாமல் குடித்தாள். பிறகு தெரேசா கையை மறுபடி சவர்க்காரம் போட்டுக் கழுவி, சேலையில் துடைத்து, குடத்திலிருந்து ஒரு செம்பு நிறைய வார்த்துக்கொண்டு குடிசைக்குள் போனாள். முற்றத்தில் நின்ற பெண்கள் ஒருவரும் கலைந்து போகவில்லை. உள்ளே நடப்பது எல்லோருக்கும் கேட்டது. முதலில் பச்சைப்பிள்ளையின் சிணுங்கல். பிறகு சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மகளின் குரல்:

"இன்னும் இருக்கோ அம்மா?"